கொடுமைக்கு ஆளான வளரிளம் பெண்களுக்குக் குழுச் சிகிச்சை

குழந்தைப் பருவத்தில் அடி உதைக்கும் ஓயாத ஏச்சுக்கும் இலக்கானவர்கள், உணவும் கவனிப்பும் மறுக்கப்பட்டவர்கள், பாலியல் வன்முறைக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு உடற்காயங்கள் ஆறிய பின்னரும் உள்ளத்தில் ஒரு காயம் தங்கிவிடுவதுண்டு. அக்காயம் பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெளித் தோன்றுகிறது. படிப்பில் பின்தங்கல், காரணமற்ற கோபம், உறக்கமின்மை, அடிக்கடி மயங்கி விழுதல், தன் உடலைத் தானே காயப்படுத்திக் கொள்ளுதல் முதலிய பல உருவங்களில் அது வெளிப்படுவதால், அதன் மூலகாரணம் எளிதில் புலப்படுவதில்லை. இத்தகைய பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பயிற்சி பெற்றவர் ஒருவரின் மேற்பார்வையில் அளிக்கப்படும் மனோதத்துவ உதவியே குழுச் சிகிச்சை எனப்படும். அது எவ்வாறு பயனளிக்கிறது, எந்நிலையில் பயனளிக்கத் தவறுகிறது என்பவற்றைப் பள்ளி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

இப்பிரச்சினை அரிதான ஒன்றன்று. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை, மகாராஷ்டிரம் உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து எழுதப்பட்டது. மூன்று குழந்தைகளில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளாயிருந்தனர் என்றும், 53.22 சதவீதத்தினர் ஏதேனுமொரு வகைப் பாலியல் கொடுமையைக் கூறினர் என்றும் அவ்வறிக்கை தெரிவித்தது. பாலியல் கொடுமை இழைத்தவர்களுள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளைப் போலவே பெருமளவில் பாதிக்கப்பட்டிருந்தனர். எனினும் இக்கட்டுரையில் பெண்களின் நிலை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

காயத்தின் தன்மை

அபாயம் நேரும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சிந்தனை ஒடுங்கி, ஓடுதல், எதிர்த்தல், உறைந்து நிற்றல் என்னும் மூன்றில் ஒன்று மேலோங்குகிறது. அபாயம் நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்புவது இயற்கை. ஆனால் அபாயம் வீட்டிற்குள்ளேயே இருந்து, பல ஆண்டுகள் தொடருமாயின், இந்த எச்சரிக்கை அமைப்பு ஓய்வு பெறுவதேயில்லை. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டின் நாய், பிறகு பால்காரனைக் கண்டாலும் குரைப்பதைப் போல, ஓர் உரத்த குரல், ஒரு குறிப்பிட்ட வாசனை, பின்னாலிருந்து தோளில் படும் ஒரு கை ஆகிய சாதாரண விஷயங்களும் பழைய அச்சத்தை முழு வேகத்துடன் எழுப்பிவிடுகின்றன. அப்போது அப்பெண்ணுக்கு நடந்தது ஞாபகம் வருவது போல் அன்றி, மீண்டும் நடப்பது போலவே தோன்றுகிறது.

வகுப்பறையில் இது எவ்வாறு காணப்படும்? ஆசிரியர் குரலை உயர்த்தியதும் ஒரு மாணவி வெறித்த பார்வையுடன் வாய் திறவாது நிற்பாள். அதைப் பிடிவாதம் என்று கருதுவது எளிது. மற்றொருத்தி சிறு கேலிக்கும் பாய்ந்து அடிப்பாள். அதைத் துடுக்குத்தனம் என்று எண்ணத் தோன்றும். இரவெல்லாம் விழித்திருந்த மூன்றாமவள் வகுப்பில் உறங்குவாள். அவளுக்குச் சோம்பேறி என்ற பெயர் கிடைக்கும். இவை யாவும் எப்போதும் கொடுமையின் அடையாளங்களே என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் ஒரு மாணவியின் போக்கில் திடீரென்று மாற்றம் காணும்போது, தண்டனைக்கு முன் காரணத்தை எண்ணிப் பார்ப்பது ஆசிரியரின் கடமையாகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு, 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த நோய்களின் பதினோராவது வகைப்பாட்டில், நீண்டகாலக் கொடுமையால் விளையும் நிலைக்குத் தனி இடம் அளிக்கப்பட்டுள்ளது. கொடுங்கனவுகள், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், எப்போதும் விழிப்பான அச்சம் என்னும் பொதுவான அறிகுறிகளோடு மேலும் மூன்று அதில் சேர்க்கப்பட்டுள்ளன. உணர்ச்சிகளை அடக்கியாள இயலாமை, தான் மதிப்பற்றவள் என்னும் எண்ணம், பிறருடன் நெருங்கிப் பழகுவதில் தடுமாற்றம் ஆகியவையே அவை. இவற்றுள் கடைசி இரண்டும் பிற மனிதரால் உண்டாக்கப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கவனிக்காது விடப்படும் காயம் பிற்கால உடல்நலத்தையும் பாதிக்கிறது. அமெரிக்காவின் ஸான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் 9,500க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் விசாரித்து 1998ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைப் பருவத் துன்பங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அநுபவித்தோருக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நேரும் வாய்ப்பு, அத்தகைய துன்பம் அறியாதோரைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை மிகுந்திருந்தது. இது திரண்ட மக்கள் தொகையைப் பற்றிய கணக்கேயன்றி, எந்த ஒரு பெண்ணின் எதிர்காலத்தையும் முன்கூட்டி விதிப்பதன்று.

குழு எதற்கு?

நோயாளிகளைக் குழுவாகக் கூட்டிச் சிகிச்சையளிக்கும் முறை, 1905ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர வைத்தியர் ஜோசப் பிராட் காசநோயாளிகளுக்காக நடத்திய வாராந்தர வகுப்புகளிலிருந்து தொடங்கியது எனக் கூறுவர். ஏழை நோயாளிகளுக்கு உடல்நல விதிகளைச் சிக்கனமாகப் போதிப்பதே அவர் நோக்கம். ஆனால் ஒருவரையொருவர் சந்திப்பதாலேயே நோயாளிகளின் ஊக்கம் வளர்வதை அவர் கண்டார்.

இந்தியாவில் சிக்கனம் இன்றும் ஒரு முக்கியமான காரணம். இலட்சம் மக்களுக்கு ஒரு மனோவைத்தியர்கூட இல்லாத நாட்டில், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியே நிபுணரை ஏற்பாடு செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயினும் குழுவின் பயன் சிக்கனத்தோடு முடிந்துவிடவில்லை. கொடுமைக்கு ஆளான பெண்ணை வாட்டுபவற்றுள் வலியைவிடக் கடுமையானது வெட்கம். “எனக்கு மட்டுந்தான் இப்படி நடந்தது; என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது” என்று அவள் எண்ணுகிறாள். இரகசியம் காக்கும்படி அவள் மிரட்டப்பட்டிருக்கலாம். சொன்னபோது நம்பப்படாமலும் போயிருக்கலாம். அறிவுள்ள ஓர் ஆலோசகர் “உன் பேரில் குற்றமில்லை” என்று பலமுறை கூறியும் நம்பாதவள், தன் வயதொத்த இன்னொரு பெண் அதே குற்ற உணர்ச்சியுடன் எதிரே அமர்ந்திருப்பதைக் காணும்போது, “இவள் பேரில் குற்றமில்லையே” என்று தானாகவே உணர்கிறாள். அடுத்தவளுக்கு வழங்கும் நியாயத்தைத் தனக்கும் வழங்க அங்கிருந்து கற்றுக்கொள்கிறாள். மனிதரால் உடைந்த நம்பிக்கை மனிதரிடையேதான் மீள வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து.

மும்பை நகரின் அநுபவம்

இத்துறையில் மும்பை நகருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1924ஆம் ஆண்டின் பம்பாய்க் குழந்தைகள் சட்டத்தைத் தொடர்ந்து, 1927ஆம் ஆண்டில் குழந்தைகள் உதவிச் சங்கம் நிறுவப்பட்டது. செம்பூரை அடுத்த மான்கூர்டில் அச்சங்கத்தின் இல்லங்கள் உள்ளன. 1936ஆம் ஆண்டில் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்பவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்ட டாட்டா சமூக சேவைப் பள்ளி, மறு ஆண்டிலேயே குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை நிலையத்தை ஏற்படுத்தியது. இந்தியாவில் இவ்வகை நிலையங்களுள் முதலாவது அதுவே. இன்று டாட்டா சமூக விஞ்ஞான ஸ்தாபனம் என்ற பெயருடன் செம்பூர்ப் பகுதியின் தியோனாரில் இயங்கும் அந்நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகவே, ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசிச் சேவை 1996ஆம் ஆண்டில் பிறந்தது. பின்னர் அது நாடு முழுவதும் பரவி, இப்போது அரசுத் துறைகளின் பொறுப்பில் நடைபெறுகிறது.

1999ஆம் ஆண்டில், சயான் மருத்துவமனையின் குழந்தை வைத்தியரான டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் நிறுவிய ஸ்நேஹா என்னும் அமைப்பு, தாராவியில் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் நிகழும் வன்முறையைத் தடுக்கும் பணியையும், வளரிளம் பருவத்தினருக்கான பணியையும் மேற்கொண்டது. பாந்திராவின் பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திலாஸா நிலையம், பொது மருத்துவமனை ஒன்றினுள்ளேயே வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை கிடைக்க வழி செய்தது. அர்பண் என்னும் ஸ்தாபனம் பள்ளிக் குழந்தைகளுக்குத் தற்காப்புக் கல்வியும், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மனோதத்துவ உதவியும் அளித்து வருகிறது. கல்கத்தாவில் 2004ஆம் ஆண்டில் தோன்றிய ஸன்வேத் என்னும் அமைப்பு, கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கு நடன அசைவுகளின் வழியே குழுவாகச் சிகிச்சையளித்த அநுபவத்தைக் கொண்டு, டாட்டா ஸ்தாபனத்துடன் சேர்ந்து இக்கலையில் பட்டயப் படிப்பு ஒன்றையும் ஏற்படுத்தியது. மேற்கூறிய நிலையங்கள் யாவும் குழுச் சிகிச்சை நடத்துவன என்று கொள்ளலாகாது. ஒரு பெண் சிகிச்சைக்கு வந்து சேர்வதற்கு முன்னர் இத்தனை வாயில்கள் தேவைப்படுகின்றன என்பதே அறியத்தக்கது.

தாராவியும் அதையொட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பும் தமிழ் வாசகருக்குப் புதியன அல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிற வேலைகளுக்காகவும் சென்ற குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளும் உண்டு. குழுச் சிகிச்சையைப் பற்றி எண்ணும்போது அவ்விடத்தின் இயல்பை மறக்கலாகாது. ஒரே அறையில் ஐவரும் அறுவரும் உறங்கும் வீடுகளில் தனிமை என்பது கிடைப்பதரிது. கொடுமை இழைத்தவர் அதே அறையிலோ, மாடியிலோ, எதிர் வீட்டிலோ இருக்கலாம். ஒரு சந்தில் கூறப்பட்ட சொல் மாலைக்குள் அடுத்த சந்துக்குச் சென்றுவிடும். ஆகவே ஒரே சந்தில் வசிக்கும் பெண்களையோ, உறவினரையோ ஒரே குழுவில் சேர்ப்பது அபாயமாகும். குழு கூடும் அறைக்கு வெளியே அதன் நோக்கத்தைக் காட்டும் பலகை தொங்குவதும் தகாது. தையல், கைவேலை, உடல்நலக் கல்வி முதலிய பெண்கள் வகுப்புகள் நடைபெறும் கட்டடத்திலேயே ஒரு கதவடைத்த அறை கிடைப்பது நலம்.

காலமும் கவனிக்கத்தக்கது. கோடை விடுமுறையில் தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்குச் சென்றுவிடும். மார்ச் மாதத்தில் தொடங்கும் குழு பாதியில் கலையும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து சில வாரங்கள் சென்றபின் தொடங்கித் தீபாவளிக்குமுன் முடிப்பது பொருத்தமாகும். பாதியில் கைவிடப்படுவது இப்பெண்களுக்குப் பழைய அநுபவம். சிகிச்சையும் அவ்வாறு முடிதல் கூடாது.

குழு நடைபெறும் முறை

குழுவில் சாதாரணமாக ஆறு முதல் பத்துப் பெண்கள் இருப்பர். பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் பதினேழு வயதுப் பெண்ணையும் ஒன்றாக அமர்த்துவதில்லை. வாரம் ஒருமுறை, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், பத்து முதல் பதினைந்து வாரங்கள் வரை கூட்டங்கள் நடைபெறும். நடத்துபவர் இருவராயிருத்தல் விரும்பத்தக்கது. ஒரு பெண் கலங்கி எழுந்தால் ஒருவர் அவளுடன் செல்ல, மற்றவர் குழுவைத் தொடர்ந்து நடத்த இயலும். மும்பையில் இவர்களைப் பெண்கள் “தீதி” என்றோ “அக்கா” என்றோ அழைப்பர். தமிழ்ப் பெண்களுக்குத் தாய்மொழி தெரிந்த ஒருவர் இருப்பது பெரும் உதவி. ஹிந்தியில் பாடம் ஒப்பிப்பவள்கூட அச்சத்தையும் வெட்கத்தையும் தமிழில்தான் சொல்லக்கூடும்.

குழுவில் சேருமுன் ஒவ்வொரு பெண்ணையும் தனியே சந்தித்து மதிப்பிடுவது இன்றியமையாதது. தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவள், தன்னை அடிக்கடி வெட்டிக்கொள்பவள், இன்றும் கொடுமை நடக்கும் வீட்டில் இருப்பவள் ஆகியோருக்கு முதலில் தனிப்பட்ட உதவியும் பாதுகாப்பும் வேண்டும். பெண்ணின் சம்மதமும், பொறுப்பாளரின் சம்மதமும் பெறப்படும். பெற்றோரே கொடுமைக்குக் காரணமாயின் குழந்தை நலக் குழுவின் வழியே முயல வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழக மனோவைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மீட்சிக்கு மூன்று படிகளை வகுத்தார். பாதுகாப்பை நிலைநாட்டல் முதலாவது; நடந்ததை நினைவுகூர்ந்து துக்கித்தல் இரண்டாவது; இயல்பு வாழ்க்கையுடன் மீண்டும் இணைதல் மூன்றாவது. பெரும்பாலான குழுத் திட்டங்கள் இவ்வரிசையைத் தழுவியே அமைகின்றன.

முதற் கூட்டங்களில் எவரும் தம் கதையைக் கூறும்படி கேட்கப்படுவதில்லை. விதிகள் வகுக்கப்படுகின்றன, அதிர்ச்சி உடலில் என்ன செய்கிறது என்பது எளிய உவமைகளால் விளக்கப்படுகிறது. தனக்கு நேர்ந்திருப்பது பைத்தியமன்று, உடலின் காப்புணர்ச்சியே என்று அறிவதே பலருக்கு முதல் ஆறுதல். அடுத்து, அச்சம் எழும்போது அதை அடக்கும் வழிகள் பயிலப்படுகின்றன. நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை மெல்ல விடுதல், கண்ணெதிரே காணும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி நிகழ்காலத்திற்குத் திரும்புதல், தன் கோபத்தின் அளவைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணால் குறித்தல் ஆகியவை அத்தகையன. மின்சார ரெயிலின் நெரிசலிலும் பொதுக் கழிப்பறை வரிசையிலும்கூடப் பிறர் அறியாமல் செய்யக்கூடியனவாக அவை அமைவது நல்லது.

நடுக் கூட்டங்களில் எண்ணங்கள் ஆராயப்படுகின்றன. “நான் கத்தியிருக்க வேண்டும்” என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு, எட்டு வயதுச் சிறுமியால் அப்போது என்ன செய்ய இயலும் என்று குழுவே விவாதிக்கும். நடந்ததை முழுமையாக விவரித்தல், பல திட்டங்களில், குழுவின் முன்னிலையில் அன்றி, ஆலோசகருடன் தனியே நடைபெறுகிறது. இதற்குத் தக்க காரணமுண்டு. ஒருத்தியின் விவரங்கள் மற்றவளின் காயத்தைக் கிளறக்கூடும். எவளது துன்பம் பெரிது என்ற ஒப்பீடும் எழக்கூடும். நடந்தது எது என்பதைவிட, அது தன்னை எவ்வாறு மாற்றியது என்பதே குழுவில் பேசப்படும். இறுதிக் கூட்டங்களில் எதிர்காலப் பாதுகாப்பு, நட்பு, படிப்பு, வேலை ஆகியவை இடம்பெறும். குழு முடியும் நாள் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டு, பிரிவதற்கும் பெண்கள் தயார் செய்யப்படுவர்.

ஆராய்ச்சிகள் கூறுவது

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பள்ளிகளில், வன்முறையைக் கண்டும் அநுபவித்தும் பாதிக்கப்பட்ட 126 மாணவர்களைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பத்துக் குழுக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. 2003ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் அவர்களுடைய அதிர்ச்சி அறிகுறிகளும் மனச்சோர்வும் காத்திருந்த பிரிவினரைவிடக் குறைந்திருந்தன. ஆனால் வகுப்பறை நடத்தையைப் பற்றி ஆசிரியர்கள் அளித்த மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. உள்ளே ஏற்படும் நலம் வகுப்பில் உடனே தென்படாதிருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் இதனின்று அறியலாம். “சிகிச்சைக்குச் சென்றும் மாறவில்லையே” என்று ஒரு மாணவியைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் பாலியல் வன்முறைக்கு ஆளான, 12 முதல் 17 வயது வரையிலான 52 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனநலத் துறையில் பட்டம் பெறாத உள்ளூர்ப் பணியாளர்கள், பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று, 15 கூட்டங்களை நடத்தினர். அதிர்ச்சி அறிகுறிகள், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை வெகுவாகக் குறைந்து, மூன்று மாதங்களுக்குப் பின்னரும் அந்நலம் நீடித்தது. நிபுணர் குறைந்த நாடுகளுக்கு இது நம்பிக்கையளிக்கும் செய்தி. உலக சுகாதார ஸ்தாபனமும் 2013ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில், அதிர்ச்சி நோயுற்ற குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், அந்நோயை நேரடியாகக் கருதும் எண்ண–நடத்தைச் சிகிச்சையைத் தனியாகவோ குழுவாகவோ அளிக்கலாம் எனக் கூறியுள்ளது.

இவற்றோடு மற்றோர் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இலங்கையின் வடபகுதிப் பள்ளிகளில், போர்ச் சூழலில் வாழ்ந்த சுமார் 400 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பாதிப்பேருக்கு ஐந்து வாரங்களில் 15 கூட்டங்கள் நடத்தப்பட்டன. இவர்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரையிலான இருபாலர். துன்பமும் போரினால் வந்தது. எனினும் முடிவு பொதுவாக எண்ணத்தக்கது. ஒழுங்கற்ற நடத்தை குறைந்தது. ஆண் குழந்தைகளுக்கு நலம் மிகுந்தது. ஆனால் குழுவில் பங்குகொண்ட பெண் குழந்தைகளின் அதிர்ச்சி அறிகுறிகள், காத்திருந்த பெண் குழந்தைகளின் அறிகுறிகளைவிடக் குறைவாகவே தணிந்தன. அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி குறைவாயிருந்த குழந்தைகளே அதிகப் பயன் பெற்றனர்.

நல்ல நோக்கத்துடன் நடத்தப்படும் குழுவும் எல்லோருக்கும் நன்மை செய்வதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. காயப்படுத்தும் கை இன்னும் ஓங்கிய நிலையில் இருக்கும்போது, காயத்திற்கு மருந்திடுவது மட்டும் போதாது. குழுக் கூட்டம் முடிந்து மாலையில் ஒரு பெண் எந்த வீட்டிற்குத் திரும்புகிறாள் என்பது, குழுவில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதற்குக் குறையாத முக்கியத்துவம் உடையது. தாராவியின் ஒற்றை அறை வீட்டிற்கு இது முழுவதும் பொருந்தும்.

இரகசியமும் சட்டமும்

குழுவில் பேசப்பட்டது வெளியே செல்லலாகாது என்பது விதி. ஆயினும் 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, பதினெட்டு வயதிற்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் போலீஸாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தம் கீழுள்ளவர் இழைத்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை தண்டனை உண்டு. ஆகவே, முழு இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பின்னர் புகார் செய்வது, ஏற்கனவே நம்பிக்கை இழந்த பெண்ணை மீண்டும் ஏமாற்றுவதாகும். “உன் பாதுகாப்புக்குத் தேவையானதை மட்டும், உனக்குச் சொல்லிவிட்டு, உரியவரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும்” என்று முதல் நாளிலேயே கூறிவிடுவது நேர்மையான வழி.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பையும் அவளுக்கு விளக்க வேண்டும். அவளுடைய வாக்குமூலம் அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியால், சீருடையின்றிப் பதிவு செய்யப்படும். இரவில் போலீஸ் நிலையத்தில் அவளை வைத்திருத்தல் கூடாது. அவள் பெயரோ, பள்ளியோ, முகவரியோ செய்தித்தாளில் வரலாகாது. வழக்கு முடியும்வரை உடனிருந்து உதவும் ஆதரவாளர் ஒருவரைக் குழந்தை நலக் குழு நியமிக்கலாம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

ஒரு மாணவி தன் துன்பத்தை முதன்முதல் கூறுவது பெரும்பாலும் நிபுணரிடம் அன்று. தனக்குப் பிடித்த ஆசிரியையிடமோ, வீடு வீடாகச் செல்லும் பணியாளரிடமோதான். “டீச்சர், யாரிடமும் சொல்லமாட்டீர்களே?” என்று அவள் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பது பிற்காலச் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடும். அமைதியாகக் கேட்டல் வேண்டும். “நீ சொன்னது நல்லதாயிற்று, இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை” என்று கூறல் வேண்டும். துருவித் துருவி விவரம் கேட்பதும், முன்பே சொல்லியிருக்கலாகாதா என்று வினவுவதும், குடும்ப மானத்தை நினைவூட்டுவதும், குற்றவாளியை அழைத்து எதிரெதிரே விசாரிப்பதும் தீங்கு விளைப்பன. அவள் கூறிய சொற்களை மாற்றாமல், தேதியுடன் குறித்து வைத்துக்கொள்வது பயன்படும்.

பிறகு தகுந்த இடத்திற்கு அனுப்ப வேண்டும். 1098 என்னும் எண் குழந்தைகளின் பாதுகாப்புக்கு உரியது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி–மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவளைத் தனியே விடாது, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது முறை.

ஒரு நாள் பயிற்சி பெற்ற ஊக்கத்தில், துன்பக் கதைகளைக் கூறச் செய்யும் குழுவைத் தாமே தொடங்குவது ஆசிரியருக்கு உகந்ததன்று. அதற்கு மாறாக, பயிற்சியின்றியே செய்யத்தக்க பணிகள் பல உள்ளன. பெண்கள் அச்சமின்றிக் கூடி விளையாடவும் படிக்கவும் ஓரிடம், கணிக்கத்தக்க ஒழுங்கான நேர அட்டவணை, அடியும் அவமதிப்பும் இல்லாத வகுப்பு, சிகிச்சைக்குச் செல்லும் மாணவிக்குக் காரணம் கேளாது அளிக்கும் அநுமதி ஆகியவை குழுச் சிகிச்சைக்கு நிலத்தைப் பண்படுத்துவன. தாய்க்கோ, பாட்டிக்கோ மகளின் நிலையை எடுத்துரைத்து, அவளை நம்பும்படி செய்வது களப்பணியாளரின் பணிகளுள் மிகவும் அரியது. வீட்டில் நம்பும் ஒருவரேனும் இருக்கும் பெண் விரைவில் நலம் பெறுகிறாள்.

சிகிச்சை முடிந்த பெண் நடந்ததை மறந்துவிடுவதில்லை. அது தன் வாழ்க்கையில் கடந்துபோன ஒரு பகுதி என்றும், தன் முழு வாழ்க்கையும் அதுவே அன்று என்றும் அறிகிறாள். உரத்த குரல் கேட்கும்போது அவள் இன்னும் திடுக்கிடலாம். ஆனால் மூச்சைச் சீராக்கிக்கொண்டு, தான் இருப்பது வகுப்பறை என்பதை உணர்ந்து, எடுத்த கணக்கைத் தொடர்ந்து போட அவளால் இயலும். அதற்கு அவ்வகுப்பறை உண்மையாகவே அச்சமற்ற இடமாக இருத்தல் வேண்டும். அவ்வாறு அமைப்பது ஆசிரியரின் கையில் உள்ளது.